அப்பாகிட்ட குடும்மா

உத்தனப்பள்ளி,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் பிரவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும், பசுவும், போன மாதம் அது ஈன்ற காளைக்கன்றும் சுகம். அங்கே வடக்கே சாக்கனில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று, ரோட்டோர முனியப்பனிடம் தினமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அப்பாகிட்ட குடும்மா என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அப்படிச் சொல்ல முடியாதல்லவா, கடைசி வரைக்கும் நீ என்னிடம்தான் இருந்தாக வேண்டும். இதை உன் அப்பா பார்க்கப்போவதில்லை. ராகி மாவுப் பார்சலுக்குள் மடித்து வைத்துத் தைத்துவிடுவேன்.

மணிக்கட்டுக் கொப்புளம் வற்றிவிட்டதா? மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், அதுவும் அப்பாவின் போனுக்குத்தான் வந்தது. பற்பசை, காப்பித்தூள் என்று யாராவது சொல்வதைக் கேட்டு எதையும் தடவாதே, டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும் போடு. கொதிக்கிற களி தோலில் பட்டால் எப்படி ஒட்டிக்கொண்டு எரியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காயத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் நீ போன வாரம் கேட்டதற்கு வருகிறேன்.

டாக்டர் நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேயே என்று முடிவாகிவிட்டது. சரி, அதில் எனக்கு வருத்தமில்லை, மகள் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் புறப்பட்டு வருவாள், உலகத்தில் நடக்கிறதுதான். ஆனால் நீ என்ன சொன்னாய்? வீடு சின்னது, ஒருத்தர் வந்தா போதும், அப்பா வரட்டும், அவருக்குத்தான் சமையல் கைவந்தது, நீ லீவுக்கு அலைய வேண்டாம்மா என்று சொன்னாய். என்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிற மாதிரியே சொன்னாய். நான் லீவுக்கு அலையவில்லையடி, லீவு சாங்ஷனே ஆகிவிட்டது. பிரசவம் மாசியில் என்று நீ சொன்ன மறுநாளே, பேக்கிங் செக்‌ஷனில் எங்களுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னப்பெண் காவியாவிடம் போய் என் மகளுக்குத் தலைப்பிரசவம் என்று சொன்னேன். அக்கா, கண்டிப்பா போங்க என்று அவளே மேலே பேசி வாங்கிக் கொடுத்தாள். செக்‌ஷனில் எல்லாரும் சேர்ந்து குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் வாங்கி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கலர். அதை நான் எந்த முகத்தோடு உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புவது? பக்கத்து வீட்டுச் சென்னம்மா விஷயம் தெரிந்ததும், என்னாம்மா அதிசயமா இருக்குது, புள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுத் தண்ணி ஊத்துறதும் அவருதானா என்று கேட்டுச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

எனக்குப் பொறாமைதான். கட்டின புருஷன்மேல் பொறாமையா என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். மகளுடைய மாமியார்மேல் பொறாமைப்படுகிற அம்மாக்கள் உண்டு, அவர்களுக்காவது வெளியே சொல்லி அழ ஆள் கிடைக்கும். நான் யாரிடம் போய் என் மகள் அவள் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள் என்று சொல்வேன்? சந்தோஷப்படும்மா என்றுதான் சொல்வார்கள். நான் விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவேன், அவர்தான் உனக்குச் சோறாக்கி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ சமையல் கற்றுக்கொண்டது ஸ்கூல் படிக்கிறபோது இல்லையே. அப்போது அடுப்புப் பக்கமே வரமாட்டாய். வீட்டை விட்டுப் போனபிறகுதான் உனக்குச் சமையல் கிறுக்குப் பிடித்தது, அது ஒவ்வொன்றையும் போனில் அவரிடம்தான் கேட்டாய்.

சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் கெட்டிலில் முட்டை வேகவைத்து ஆரம்பித்தாய். அப்புறம் அதே கெட்டிலில் சேமியா, அப்புறம் ரவை. உப்புமா அடிப்பிடித்து, வராண்டா பூராவும் புகைந்து, வார்டன் கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனதும் நீ அழுதுகொண்டே கூப்பிட்டது அவரைத்தான். அவர் தக்காளிக்கு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கெட்டிலில் உப்புமா அடிப்பிடிக்காமல் செய்வது எப்படி என்று பாடம் நடத்தினார். கெட்டிலே போய்விட்டது, அப்புறம் என்ன பாடம்? அன்றைக்கு நான் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றுகொண்டிருந்தேன், போன் லாக்கரில் இருந்தது, உண்மைதான். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் எடுத்துப் பார்த்தேன், உன்னிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்து தோழிகளோடு ரூம் எடுத்தபோது, உன் முறை வந்த அன்றைக்குப் புளியே கரைக்காமல் சாம்பார் வைத்தாய். இது சாம்பாரா, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பருப்புத் தண்ணியா என்று ஒருத்தி கேட்டாளாம். அதை அப்பாவிடம் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் என்ன சிரிப்பு என்று கேட்டால், ஒண்ணுமில்ல, சமையல் விஷயம் என்கிறார். சமையல் விஷயமாம், எனக்குப் புரியாதாம்!

கல்யாணமாகி மத்திகிரியில் வாடகை வீடு பிடித்தீர்கள். நம் ஊரிலிருந்து ஓசூர் போய் டவுன் பஸ் மாறினால் உன் வாசல். மாப்பிள்ளை ஆசைப்பட்டார் என்று அவரைக்கொட்டை வாங்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கிறேன் என்று, ஊறவும் போடாமல் ஒவ்வொரு கொட்டையாக நகத்தால் தோல் உரிக்க உட்கார்ந்தாய். மாப்பிள்ளை செகண்ட் ஷிஃப்டுக்குப் பட்டினியாகவே போனார். அன்றைக்கு எனக்கு வார லீவு, போன் என் மடியிலேயே கிடந்தது. நீ கூப்பிட்டது ராயக்கோட்டை மண்டியில் ஏலத்தில் நின்றுகொண்டிருந்த உன் அப்பாவை. அந்தக் கூச்சலுக்கு நடுவில், முந்தின நாளே ஊறப் போடணும் கண்ணு என்று அவர் கத்திச் சொன்னாராம். அதை நான் சொல்லியிருக்க மாட்டேனா? வருஷா வருஷம் நம் வீட்டில் அந்தப் பருப்பைப் பிதுக்கியது யார் விரல் என்று நினைக்கிறாய்? குழம்பைத் தாளித்தவர் பெயர்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. என்கூட வேலை செய்கிற மாரம்மாவிடம், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பூண்டுக் குழம்பை நுணுக்கமாகக் கேட்டு, நானே ஒருநாள் வைத்தும் பார்த்துவிட்டு, நீ எப்போது கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்டாய், அப்பாவிடம். அவர் ஏதோ ஒரு எண்ணெயைச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலிருந்து நல்லெண்ணெய், நல்லெண்ணெய்தான் ஊத்தணும் என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா? என்னாப்பா பின்னாடி டிவி ஓடுதா, சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க என்று சொன்னாய். நம் வீட்டு டிவி தீபாவளியிலிருந்து ரிப்பேர்.

இப்போது களிக்கு வருகிறேன். மத்திகிரியை விட்டு சாக்கனுக்குக் குடி போனதும், அங்கே மராட்டியில் ராகிக்கு நாச்சணி என்று பெயர் தெரியாமல் கடை கடையாக அலைந்தாய். மசக்கையில் தாளிக்கிற வாசமே ஆகாமல், களியும் கீரைக் கடைசலும் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது என்றாய். குக்கரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உனக்கு மட்டும் ஒரு உருண்டை கிண்டிக்கொண்டிருந்தவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் கம்பெனியில் இருக்கிற நம் பக்கத்துப் பையன்கள் களி சாப்பிட வருகிறார்கள் என்று புதிதாகக் குண்டான் வாங்கினாய், அப்பா, நம்ம வீட்டுல கிண்டுற மாதிரியே வீடியோ எடுத்து அனுப்புங்க என்றாய். அந்த வீடியோ எடுத்த கதை உனக்குத் தெரியாது. நான் அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தேன், கழுத்தில் ஐடி கார்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பா போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து, தன் முகமும் களி கிண்டுகிற துடுப்பும் குண்டானும் நன்றாகத் தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்து நிறுத்தினார். நொய் கொதித்து, மாவு கொட்டி, குழி போட்டு வெந்து, குண்டானைத் தரையில் இறக்கி வைத்ததும், நான் எப்போதும்போல எதிரே உட்கார்ந்து கவைக்கோலால் அதன் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுப்பு மூலையில் இருக்குமே, நுனி இரண்டாகப் பிரிந்த கொம்பு, அதுதான். ஐடி கார்டு ஆவியில் நனைந்து போயிற்று. வீடியோவில் நான் இல்லை. கொம்பின் நுனி மட்டும் ஆவிக்குள் கொஞ்சம் தெரிகிறது, என் வளையல் சத்தம் கேட்கிறது. வேண்டுமானால் போட்டுப் பார்.

நீ அதைப் பார்த்துக் கிண்டினாய். குண்டான் ஆடுதுப்பா என்று நடுவில் கூப்பிட்டபோது அவர் என்ன சொன்னார் என்பதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். குண்டான் தன்னால நிக்கும் கண்ணு, நீ கையை மட்டும் வேகமா சுத்து என்றார். அது துடுப்போடு சேர்ந்து சுற்றி, சாய்ந்து, உன் கையைப் பொசுக்கியது. வயிற்றில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு உன் அப்பா கண்டுபிடித்த காரணம், நாச்சணி மாவு சரியில்லை என்பது. அதனால்தான் இந்தப் பார்சல். நம் மில்லில் அரைத்த மாவு.

மறுபடியும் டிவி ஓடுதா என்பாய் என்றுதான் நான் அன்றைக்குக் குறுக்கே பேசவில்லை. முந்தாநாள் சாயங்காலம் அவர் களி கிண்ட உட்கார்ந்தார். நான் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தன் பாட்டில் துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், குண்டானும் கூடவே சுற்றியது. இன்னொரு சுற்று, ஒரு பக்கம் சாய்ந்தது. ஏய், புடி, புடி என்று கத்தினார். என்னாத்தைப் புடிக்கணும், குண்டான் தன்னால நிக்கும்னுதானே பொண்ணுக்குச் சொன்னீங்க என்றேன். துடுப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். மூலையில் சாய்த்திருந்த கொம்பைப் பார்த்தார். அட, ஆமா இல்ல என்றார். கல்யாணமான நாளிலிருந்து எதிரே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது. களி கட்டி தட்டிப் போய் அப்படியே பசுவுக்கு வைத்தோம்.

சாப்பிட ஒன்றுமில்லாமல் பன்னும் டீயும் சாப்பிட்டபிறகு, ரெண்டு டிக்கெட்டா போட்டுடலாமா செல்வம் என்று கேட்டார். அவருக்குச் சின்னப் புத்தி கிடையாது, அதுவும் எனக்கு எரிச்சல்தான், சண்டைகூடப் போட முடியவில்லை. வேண்டாம், அவ வாயால கேக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பசுவைச் சென்னம்மா பார்த்துக்கொள்வாள், பேசியாகிவிட்டது. தக்காளி பொங்கலோடு முடிந்துவிடும். வீடு சின்னது என்றால் நான் சமையல்கட்டிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். உன் அப்பாவின் அடுப்பை நான் பிடுங்க வரவில்லை, அவரே சமைக்கட்டும், அவரே பெயர் வாங்கட்டும். ஆனால் பேரப்பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு கை கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதை அவர் எந்த வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்வார்?

பிரசவம் முடிகிறவரை குண்டானில் களி கிண்டாதே, குக்கரே போதும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. மாப்பிள்ளை ஹரீஷ்குமாரை வேளைக்குச் சாப்பிடச் சொன்னதாகச் சொல். சென்னம்மாகூட தினமும் என்னைக் கன்னடத்தில் ஊட்டா ஆய்தா என்று விசாரிக்கிறாள், நீயும் எப்போதாவது சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கலாம். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கிற
அம்மா செல்வம்மாள்

மறந்துவிட்டேனே, துடுப்பு மாவு மூட்டைக்கு அடியில் இருக்கிறது, பத்திரமாக எடு. கவைக்கோலைத் தேடாதே, நான் வைக்கவில்லை. அது வேண்டுமானால் என் நம்பருக்குக் கூப்பிடு.