அப்பா கேட்ட சந்தேகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் தொண்டை மட்டும் நாலு நாளாகக் கட்டிக்கிடக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

உன் நச்சரிப்பு தாங்காமல் நாற்பத்தாறு வயதில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தேன் அல்லவா, புதன்கிழமை முதன்முதலாக வகுப்பெடுத்தேன். ஏழாம் வகுப்புக் கணக்கு, நாற்பது பிள்ளைகள், கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக என் வழிகாட்டி ஆசிரியை. அவர் சரியென்று எழுதினால்தான் திங்கள் முதல் தனியாக வகுப்பு, இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் ஒரு வாரமாக அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் மாணவனாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அரையால் வகுக்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கி, "வகுத்தா குறையணும், இது எப்படிம்மா கூடுது?" என்பார். ஏழு நாளும் அதே இடம், அதே கை.

வகுப்பில் அந்த இடம் வந்தது. பழக்க தோஷத்தில் நிறுத்தினேன். ஒரு கையும் எழவில்லை. என் வாயோ, "குறையணும்னு கட்டாயமில்லீங்க, எத்தன தடவ சொல்றது?" என்று தானாகக் கிளம்பிவிட்டது. வகுப்பே திருதிருவென்று விழித்தது. முதல் வரிசையில் ஒரு வாயாடிப் பெண் எழுந்து, "டீச்சர், யாருமே எதுவும் கேக்கலையே, யாருக்குப் பதில் சொல்றீங்க?" என்றாள். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, வீட்டில் ஒரு சார் இருக்கிறார், ஒரு வாரமாக அவருக்கு இது மண்டையில் ஏறவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அப்புறம் பார், ஆளாளுக்கு அப்பாவுக்குப் பாடம் நடத்த எழுந்துவிட்டார்கள். அந்த வாயாடி தன் நோட்டிலிருந்து ஆறு தாளைக் கிழித்து ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, "சார், ஆறு தாள்ல எத்தன அரைத்தாள்னுதான் கேக்குறாங்க. பன்னெண்டு. அவ்ளோதான்!" என்று, அப்பாவே அங்கே உட்கார்ந்திருப்பது போல என் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு வாரம் கத்தியதை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

மணி அடித்ததும் ஆசிரியை நோட்டை நீட்டினார். "பலகையில் எழுத்து சாய்கிறது. குரல் தேவைக்கு மேல் ஓங்குகிறது. நாற்பது பேரும் யோசித்தார்கள். தனியாக எடுக்கலாம்." கீழே கையெழுத்து. போகும்போது, "வேற சந்தேகம் இருந்தாலும் வீட்டுக்காரர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அப்பாவோ, "நாப்பது பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே" என்று ஒரு பொழுது முறைத்துவிட்டு, இப்போது தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீயாவது உன் சித்தியிடம் இதைச் சொல்லாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. எல்லாம் நல்லபடியாக அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கணக்கு டீச்சர், ஏழாம் வகுப்பு.