அரணடிமலையின் பதினொரு படிகள்

விடுதி, புளியந்தீவு
12.05.2024

அன்புள்ள அப்பா,

எதையும் கூட்டாமல் குறைக்காமல், கண்டதைக் கண்டபடியே எழுதுவேன் என்று முடிவெடுத்திருக்கிறேன். அரணடிமலைக் கோட்டை பற்றிய கட்டுரையை அப்படித்தான் எழுதிப் போட்டிக்கு அனுப்பினேன்.

அங்கே ஒளித்திருந்த சிற்றரசனின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘தெரியவில்லை’ என்றே எழுதினேன். உச்சிப் பாறையில் தூண் நட்ட குழிகள் இருபத்தாறு. மழைநீர் தேக்கிய தொட்டி ஒன்று. ஏறும் வழியில் முப்பது படிகள், கல் பெயர்த்த பள்ளங்கள் பதினொன்று. அந்தப் பதினொரு கல்லும் அக்காவுக்கு நீங்கள் கட்டும் வீட்டின் அத்திவாரத்தில் இருப்பதையும் எழுதினேன். என்னோடு மலையேறிய டீச்சர், “இதுதான் பிள்ளை ஆராய்ச்சி” என்றார்.

அக்காவின் கலியாணத்துக்கு எனக்குப் பச்சைச் சட்டை வேண்டும்.

உங்கள் மகள்,
நிருஷா

அரணடி
04.07.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ முதலாமிடம் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

உன் கட்டுரையோடு இரண்டு தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டுமாம். “அரசன்ட படியிலயா ஐயா மருமகனைக் குடிவைக்கப் போறீங்க?” என்று ஒருவர் பகிடி விட்டார். மாப்பிள்ளை மதுஷனின் தாய்க்கும் கேட்டுவிட்டது. “வீட்டுப் பிரச்சின முடியட்டும், பிறகு நாள் வைப்பம்” என்கிறா. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம் பக்கத்தில் கலியாணம் நடக்குமா?

மாடு மிதித்துக் கிடந்த கல் அது, மகள். களவென்று நான் நினைக்கவில்லை.

புதன்கிழமை உன்னிடம் வருவார்கள். ‘கற்பனையில எழுதிப்போட்டன்’ என்று ஒரு சொல் சொல்லு மனே. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா,
நல்லரத்தினம்

விடுதி, புளியந்தீவு
10.07.2024

அப்பா,

வந்தார்கள். டீச்சரும் பக்கத்தில் இருந்தார்.

“அத்திவாரக் கல்லு?”

“கற்பனை, சேர்.”

“அப்ப படி?”

மலைக்குப் போனால் பள்ளங்களைக் கண்டுவிடுவார்கள். “எண்ணயில்ல சேர். நான் ஏறவேயில்ல.”

“தூண் குழி, தொட்டி?”

“அதுவும் கற்பனைதான்.”

“நல்லாக் கதை எழுதுறீங்க பிள்ளை,” என்று கோப்பை மூடினார். மலைக்கு இனிப் போகத் தேவையில்லையாம். டீச்சர் என்னைப் பார்த்தார். மாலையில் பரிசுக் கிண்ணத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவின் வீட்டை இனி யாரும் தோண்டமாட்டார்கள். நாள் வையுங்கள். கலியாணத்துக்கு வருவேன், கோயிலோடு திரும்பிவிடுவேன். அந்த வீட்டுக்குள் வரச்சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள். அக்கா கேட்டால் பள்ளிக்கூடச் சோதனை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வரும்தானே.

கடைசி வரியை வெட்ட நினைத்தேன். அதற்குள் விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது.

நிருஷா