தானாகத் திரும்பும் கை

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? நான் தங்கை வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். சண்டை போட்டுக் கிளம்பிய அவசரத்தில் உறைமேல் 'அப்பா' என்று நீங்கள் எழுதிவைத்த கிராமபோன் தட்டு என் பெட்டிக்குள் வந்துவிட்டது. 'அம்மா' அங்கேயே கிடக்கிறது. உங்கள் அப்பாவும் என் அம்மாவும் ஒரே நாளில், ஒரே கடையில் பேசிப் பதிந்த தட்டுகள். இருவருமே இன்று இல்லை. மாற்றிக்கொள்வோமா? ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டினால் குரல் தேய்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாரே, அதனால் ஓட்டாமல் அனுப்புங்கள். இங்கே பிளேயர் இல்லை. கையில் வைத்துக்கொண்டாலே போதும் எனக்கு.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 11

மகாராணிக்கு,

அமோக நலம். தட்டை உறை மாற்றிப் போடுகிறேன் என்று கத்த ஆளில்லாமல் வீடு நிம்மதியாக இருக்கிறது. டர்ன்டேபிளுக்குப் புது பெல்ட் போட்டேன். பட்டனை அழுத்தினால் முள் பொருத்திய கை தானே எழுந்து, தட்டின் அளவு பார்த்து இறங்குகிறது. பாட்டு முடிந்ததும் தானே தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. நாற்பது வயசு மெஷினுக்கு இருக்கிற புத்தி சிலருக்கு இல்லை.

பதினைந்தாம் தேதிக்குள் நேரில் வந்து வாங்கிக்கொள். அப்பா தட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் நடப்பதே வேறு.

கணவன்

ஏப்ரல் 2

மகாராணிக்கு,

நீ வரவில்லை. கையின் பின்னாலிருக்கும் எடைக்குண்டைத் திருகி முள்ளின் பாரத்தை ஏற்றினேன். ரிபீட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பதினைந்து நாள், காலை முதல் மாலை வரை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான். உன் அம்மா குரலைக் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா?

தட்டோடு மெஷினையும் அனுப்புகிறேன். எனக்குப் புதுசு வாங்கிவிட்டேன். ஆற அமர உட்கார்ந்து கேள். அப்பா தட்டை உடனே அனுப்பு.

கணவன்

ஏப்ரல் 10

என்னங்க,

மெஷின் பத்திரமாக வந்தது. தங்கை வீட்டுக்காரர் ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தார். நீங்கள் அனுப்பிய தட்டைப் போட்டேன். முழுக்கச் சரசரப்பு. வாய்விட்டு அழுதேன். கடைசியில் ஓர் இருமல் கேட்டது. அம்மா அப்படி இருமமாட்டாள். அதற்குப் பின்னால், மங்கலாக, "டேய், சாப்ட்டியாடா?"

ஓடிப்போய் என் பெட்டியிலிருந்த தட்டைப் போட்டேன். அம்மா பேசினாள், ஒரு சொல் குறையாமல்.

உறை மாற்றிப் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

மாமா நல்லவர். அவரை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அவர் தட்டை நேற்று முழுக்க ரிபீட்டில் போட்டுவிட்டு, நீங்கள் செய்ததுபோலவே ஒலியை அணைத்துவிட்டு, தங்கையோடு கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். இன்று அந்த இருமலும் இல்லை.

கேட்டபடி அப்பா தட்டை அனுப்பியிருக்கிறேன், சரியான உறையில்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என் அம்மாவின் மகள்