பதினான்காம் களத்து வைத்தியக்காரி

மார்ச் 3, செவ்வாய்
பதினான்காம் களமும் முடிந்தது. 'சண்டையைச் சோதித்தேன், சரி' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் சோதிக்கும் இந்த ஜப்பானிய வீடியோ விளையாட்டில் என் பங்குக்கு இன்னும் இரண்டே களங்கள். பதிமூன்றாம் தேதி ஆட்டம் வெளியாகிறது. அன்றைக்கே தற்காலிக ஆட்களில் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலும் வரும்.

எங்கள் மேலாளரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "ஒரு தடவைகூட தோக்கலியா? கெட்டிக்காரிதான்" என்றார். என் அணியின் வைத்தியக்காரிப் பெண் ஒரு புள்ளி உயிரோடு தப்பினாளே, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்
பதினைந்தாம் களம். என் குதிரைவீரன்மேல் ஆறு அம்புகள். ஒரு புள்ளி உயிரோடு நிற்கிறான். இன்னும் மூன்று. அப்போதும் அதே ஒரு புள்ளி.

எங்கள் சோதனைப் பிரதியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. போட்டால் நம் ஆட்கள் சாக மாட்டார்கள். வசனங்களைப் பார்க்கும்போது மட்டும் போடுவோம். சண்டைக்கு முன் அணைத்துவிட வேண்டும். திங்களன்று போட்டேன். அணைக்கவேயில்லை.

அப்போ பதினாலு?

மார்ச் 5, வியாழன்
சாப்பாட்டு இடைவேளையில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பதினான்கை ஆடினேன். மூன்றாம் சுற்றில் சதுப்புக்குப் பின்னாலிருந்து வில்லாளிகள் முளைக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கூந்தல், முகத்தில் பாதிக்குக் கண்கள், அந்தப் பெண் ஏதோ ஜப்பானிய மொழியில் முனகிக்கொண்டு சாய்கிறாள். அவள் செத்தால் ஆட்டமே முடிந்தது. ஐந்து முறை ஆடினேன், ஐந்து முறையும் செத்தாள்.

களம் தப்பா, எனக்குத்தான் ஆடத் தெரியலையா? எனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி
சொல்லவில்லை.

மார்ச் 7, சனி
கட்டம் போட்ட தாளில் களத்தை வரைந்து, சட்டைப் பித்தான்களை ஆட்களாக வைத்தேன். பேருந்து ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றுதான் கணவரை உட்காரவைத்தேன். சாயங்காலம் முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை.

"சேத்துல ரெண்டு கட்டத்துக்கு மேல நகர முடியாதுங்கற. அம்பு நாலு கட்டம் பாயும்ங்கற. இந்தப் பொண்ண எங்க நிறுத்தினாலும் அடி விழுதே. இது ஆட்டமே இல்லம்மா. யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல. வேலை போயிட்டா?"

அவர் பித்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அதுக்குப் பதிலா என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு
துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். நாளைக்குச் சொல்லணும். சொல்லுவேனா?

மார்ச் 9, திங்கள்
பூதக்கண்ணாடியிடம் சொல்லிவிட்டேன்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"புதன்கிழமை மேடம்."

"தப்பு யாரும் பண்றதுதான். அஞ்சு நாளா வாயைத் தச்சா வச்சிருந்தாங்க?"

என் கண்ணெதிரிலேயே ஜப்பானுக்குத் தொலைபேசியில் பேசினார். நடுவே நாலு முறை மன்னிப்புக் கேட்டார். அவர் செய்யாத தப்புக்கு. வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போகிறது.

மார்ச் 13, வெள்ளி
பட்டியலில் என் பெயர் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்தான். வேலையைப் பிடுங்கவில்லையே என்று சந்தோஷப்படணுமாம். முடியவில்லை, கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 18, புதன்
திருத்திய பதினான்காம் களம் வந்தது. வேறு யாரிடமாவது போகும் என்று குனிந்தே இருந்தேன். பூதக்கண்ணாடி என் மேசையருகே வந்து, "நீயே பாரு" என்றார்.

ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். வில்லாளிகள் இப்போது ஐந்தாம் சுற்றில்தான் வருகிறார்கள். அதற்குள் அவள் கரையேறிவிடலாம். ஏறியும்விட்டாள். அடிபட்ட குதிரைவீரனைக் காப்பாற்றும் ஆசையில் நான்தான் அவளைத் திரும்பச் சேற்றில் இறக்கினேன். ஏழாம் சுற்றில் செத்தாள்.

படிவத்தில் எழுதினேன்: 'தோற்றேன். வெல்ல முடியும்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.