வெள்ளிக்கிழமை பர்கர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சேலத்தில் வெயில் எப்படி?

என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று தவக்காலம் முழுவதும் நீங்கள் கறி தொடுவதில்லை. நானும் வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாமல் சுத்தபோசனம் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். நேற்று தவறிவிட்டது.

வேலை முடிந்தால் அறையில் உட்காரப் பிடிப்பதில்லை. புனேயில் எங்கென்று இல்லாமல் நடக்கிறேன். அப்படியே ஒரு பர்கர் கடைக்குள் போனேன். வெஜ் பர்கர்தான் கேட்டேன். பிரித்தால் உள்ளே கோழி.

“மாசாமாசம் வெலைய ஏத்தறாங்க, கேட்டதையும் குடுக்கறதில்ல” என்று எனக்குள் முணுமுணுத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்தாள். “ஏனுங்க, அப்படியே எங்க சம்பளத்தையும் ஏத்தச் சொல்லுங்க!”

நாமகிரிப்பேட்டைப் பெண், பெயர் கயல்விழி. வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டேன் என்றேன்.

“தப்பு என்னுதுதானுங்க, மாத்தித் தாரேன். இதைய என் சம்பளத்துல புடிச்சுக்குவாங்க, போகுது உடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பர்கரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினாள். இங்கே வந்த பிறகு யாரோடும் இவ்வளவு நேரம் தமிழில் பேசியதில்லை.

நான் தவறியதற்கு ஈடாக நீங்கள் ஈஸ்டர் அன்றும் கறி தொடாமல் இருந்துவிடாதீர்கள். பருப்புப்பொடி அனுப்பினால் இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள், ஒன்று கயல்விழிக்கு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வெள்ளியும் அந்தக் கடைக்குத்தான் போவேன், விலையை இன்னும் ஏற்றியிருந்தாலும்.

உங்கள் மகன்,
ஜெரால்ட்