பீங்கானில் நின்ற பசு

அக்கா,

இன்று காலை ஜன்னலில் தொங்கும் பீங்கான் தகட்டைக் கழற்றித் துடைத்தேன். பின்பக்க மூலையில், மெல்லிய பித்தளைச் சட்டம் பீங்கானைக் கவ்வுகிற இடத்தில், உங்கள் சிம்னி விளக்கின் கரி நகக்கண் அளவுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாடை இத்தனை வருஷம் தங்காது. தங்கியிருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. சாம்பல் போட்டுத் தேய்க்கக் கை வரவில்லை. மறுபடி மாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தம்பி வீடு உங்களுக்கு உரிமையான வீடுதான். ஆனாலும் அப்போது நான் ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி; வருகிறவர் எல்லாரும் குழந்தையைப் பறிக்க வருகிறவராகவே தெரிந்த நேரம். பெட்டியிலிருந்து புடவைகளுக்கு நடுவே நீங்கள் எடுத்து வைத்தது இந்தத் தகடு. கண்டோன்மெண்டில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது யாரும் கேட்காமல் கிடந்ததை உங்கள் வீட்டுக்காரர் எடுத்து வந்தாராம். பகலில் பார்த்தால் பிசைந்த மாவில் கட்டைவிரலால் அங்கங்கே அமுக்கியது மாதிரி மேடும் பள்ளமும். வேறொன்றும் இல்லை. நான் அதைப் பலகாரம் செய்கிற அச்சு என்று நினைத்து, கழுவி அடுக்களையில் வைத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்த மௌனமும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

வந்த பத்தாம் நாளோ என்னவோ ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவீர்கள். "புள்ளையக் குடு, நீ போய் அடுப்பைப் பாரு" என்பீர்கள். குழந்தையோடு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. பாட்டு இல்லை, கொஞ்சல் இல்லை. குழந்தையோடு இருக்கிற எந்தப் பெண்பிள்ளை அப்படி வாயை மூடிக்கொண்டிருப்பாள்? திருப்பிக் கொடுக்கும்போது சரோஜாவின் முடியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கேட்டால், "விளையாட்டுக் காட்டினேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

எதிர்வீட்டு அம்மாள் குழாயடியில் என் காதைக் கடித்தாள். "உங்க நாத்தனார் என் பையனைக்கூட ஒருநாள் தூக்கிட்டுப் போனாங்க. வரும்போது தலையெல்லாம் சீமெண்ணெய் நாத்தம். உள்ள கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் பண்றாங்களாம்? எங்க ஊர்ல ஒருத்தி இப்பிடித்தான், கண்ணு நல்லா வரும்னு பச்சிலைச் சாறு பிழிஞ்சு விட்டுப் பச்சப்புள்ளை கண்ணையே அவிச்சா." அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கோயிலுக்குப் போன ஒரு காலையில் உங்கள் பெட்டியைத் திறந்தேன். ஒரு விளக்கெண்ணெய்ப் புட்டி, கொஞ்சம் பஞ்சு. அது போதும் எனக்கு. உங்கள் கைகளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். எந்த விரலில் பச்சைக் கறை இருக்கிறது, எந்த நகத்தில் மை இருக்கிறது என்று நீங்கள் சோறு பிசையும்போதும் பூ தொடுக்கும்போதும் பார்த்தேன். குழந்தையின் இமைகளை முகர்ந்து பார்த்தேன். அவரிடம் சொன்னேன். "எங்க அக்காவையா சொல்றே? படிச்சவதானே நீ?" என்றார். படித்தவள்தான். கல்லூரியில் ஒளியியலைப் பாடமாக எடுத்துத் தேறியவள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவைத் தள்ளினேன். ஜன்னலை அடைத்திருந்தீர்கள். உத்தரத்திலிருந்து நூலில் தகடு தொங்கியது. அதற்குப் பின்னால் நீங்கள் விளக்கோடு குந்தியிருந்தீர்கள். மாவுத் தகடாக நான் அறிந்திருந்த அதில், மெல்லிய பள்ளங்களில் விளக்கொளி ஊடுருவ, ஆற்றங்கரையில் ஒரு பசு நின்றது. அதன் முதுகில் வெயில், வயிற்றடியில் நிழல், தண்ணீரில் அதன் கால்கள் நடுங்கின. நீங்கள் ஒரு நோட்டு அட்டையை விளக்குக்கு முன்னால் வைத்தீர்கள், பசு அழிந்தது. எடுத்தீர்கள்; வந்தது. குழந்தை தலையணையில் சாய்ந்து கிடந்தாள். நீங்கள் தகட்டுக்கு மேலாக அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என் குழந்தை மேல இனிமே கை வைக்காதீங்க" என்றேன்.

சரோஜா சட்டென்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நீங்கள் விளக்கைத் தரையில் வைத்தீர்கள். "பார்த்தியா? சத்தத்துக்குத் திரும்புது. அதான் கதவைச் சாத்தறேன்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிய விடவில்லை. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். நான் தூக்கும்போது குழந்தை சிரிக்கிறதாம், என் வளையல் குலுங்குகிறதே, அதற்கு. வளையல் இல்லாத உங்கள் மொட்டைக் கை போனால் தொடுகிறவரைக்கும் அசையாமல் கிடக்கிறதாம். வந்த வாரமே கவனித்தீர்களாம். வெறும் விளக்கைக் காட்டினால் திரும்புகிறது, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. "எதிர்வீட்டுப் பையன் இந்தப் பசுவைப் பார்த்ததும் எட்டிப் புடிக்க வந்தான். உன் பொண்ணுக்கு வெளிச்சம் தெரியுது. பசு தெரியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நிச்சயமாத் தெரியாம ஒரு தாய்கிட்ட எப்பிடிடி சொல்றது?"

அப்போதும் நான் நம்பவில்லை, அக்கா. குழந்தைக்குக் குறை சொல்கிற வாய் என்று உங்களை மனசுக்குள் திட்டினேன். மறுநாள் காலை, அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும், பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு கை வளையல்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றினேன். கொலுசையும் கழற்றினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தொட்டிலுக்கு எதிரே போய் நின்றேன். நன்றாக விடிந்த வெளிச்சம். நான் சிரித்தேன். சரோஜா என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் இடப்பக்கம் நகர்ந்தேன், வலப்பக்கம் நகர்ந்தேன். அவள் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

நீங்கள் வாசற்படியில் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். உங்கள் பார்வை என் வெறுங்கைகளில் இருந்தது. "முதல்ல அதைப் போட்டுக்க. புருஷன் வெளியில போயிருக்கான், போட்டுக்கடி" என்று துணி மூட்டையைப் பிரித்து நீங்களே என் கையில் ஏற்றினீர்கள். அவசரத்தில் ஒன்று உடைந்து உங்கள் விரலைக் கிழித்தது.

அந்த வாரமே ஆற்றைக் கடந்து திருச்சிக்குப் போனோம். டாக்டர் சின்ன விளக்கால் பார்த்துவிட்டுப் பிறவிப் புரை என்றார். இந்த வயதிலேயே கொண்டுவந்தது நல்லது, பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் கவனிக்காமல் விடுகிறார்கள் என்றார். "யாரு முதல்ல கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

கதவோரம் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்டிருக்கும். உங்கள் தம்பி என்னைப் பெருமையாகப் பார்த்தார். இன்றுவரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும்போது குதிரை வண்டியில், பாலத்தின் மேல், நானாகவே ஏதோ ஆரம்பித்தேன். நீங்கள் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே, "வளையலைக் கழட்டிப் பார்த்தது நீதானே. அப்போ நீதான்" என்றீர்கள். அது மன்னிப்பா, குத்தலா? எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்கிறது. என் புத்தி அப்படி. நல்லதைச் செய்தவரையும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்க்காமல் விடாது.

சரோஜாவுக்கு ஊசியால் இரண்டு தடவை புரையைக் குத்தி எடுத்தார்கள். வலது கண் பரவாயில்லை. கனமான கண்ணாடி போட்டது நீங்கள் போன பிறகுதான். இப்போது ஏழு வயது. மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்து எதையும் படித்துவிடுகிறாள். இன்று காலை நான் துடைத்து மாட்டிய தகட்டுக்கு முன்னால் நின்று பசுவின் காதுகளை எண்ணினாள். பிறகு, "எனக்குக் கண்ணு தெரியலன்னு நீதானே முதல்ல பார்த்தே?" என்றாள்.

"இல்லடி. உங்க அத்தை" என்றேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக. அவளுக்கு முதலில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவர் வந்ததும் அவரிடமும் சொல்வேன்.

"அத்தை எப்பிடி இருப்பாங்க?" என்றாள்.

உங்களைப் படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தேன். உங்கள் இடது கட்டைவிரல் நகம் குறுக்கே பிளந்திருந்ததைச் சொன்னேன். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த மூன்று புள்ளிகளைச் சொன்னேன். புறங்கையில் நரம்பு எப்படி ஓடும், சுண்டுவிரல் எந்தப் பக்கம் வளைந்திருக்கும், எல்லாம் சொன்னேன்.

"மூஞ்சி?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன், அக்கா. நான் அதைப் பார்க்கவே இல்லை.