போட்டோவுக்கு ஓர் அகதி

அக்கா,

இன்று காலை அம்மா, பர்மாவிலிருந்து கொண்டுவந்த தனக்கா மரக்கட்டையைக் கல்லில் உரசினாள். ரங்கூனில் நாம் கன்னத்தில் பூசிக்கொண்ட அந்த மரத்தின் வாசம் வீடெல்லாம் பரவியது. நேற்று நான் செய்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கப்பலில் வந்து இறங்கி, சிவகாசியில் பெரியப்பா வீட்டில் ஒண்டிக்கொண்ட முதல் மாதம். உனக்குப் பதினேழு வயது. அங்கே ஒன்பதாம் வகுப்பு முடித்தவள், நர்சாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். உன் சர்டிபிகேட் பர்மிய எழுத்தில் இருந்தது. தலைமையாசிரியர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இதை வச்சு என்ன செய்ய? தங்கச்சியோட ஆறாங்கிளாஸ்ல உக்காரட்டும். மொதல்ல மூஞ்சியில இருக்க பூச்சைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அம்மாவிடம். நீ கழுவினாய். என் பக்கத்தில், முட்டி இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதினாய். "எங்கன தொடங்குனா என்ன, நர்சானாச் சரி" என்பாய். உன் பொறுமையைக் கண்டால் எனக்கு அப்போதே எரிச்சல்.

இரண்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். முந்தின நாள் தலைமையாசிரியர் உன்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு அந்தப் பர்மாப் பூச்சைப் பூசிட்டு வா. போட்டோவுல பாத்தவொடனே அகதின்னு தெரியணும்" என்றார். பூசிக்கொண்டு போய் நின்றாய். போட்டோ ஆபீஸ் சுவரில் ஏறியது. அடுத்த வாரமே, வயது மீறிய பிள்ளை என்று தலைமையாசிரியர் பதிவேட்டில் உன் பெயரை அடித்தார். தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போனாய். மறுவருட மழையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

நேற்று அந்தத் தலைமையாசிரியருக்குப் பிரிவு உபசார விழா. மாணவிகள் சார்பில் நன்றி சொல்ல என்னைத்தான் நிறுத்தினார்கள். அகதிப் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாள் என்று காட்ட வேண்டாமா? எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர் முகம் செத்துப்போனதை ஆசைதீரப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் வந்து நின்றார்.

"உங்க அக்கா என்னை மன்னிச்சிருவாளா பிள்ளே?"

"நீங்க செத்துப்போயி அவகிட்டயே கேளுங்க சார்" என்றேன். விழாவுக்கு வந்திருந்த அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

ஒருநாள் அங்கே வருவார் அக்கா. உடனே இரக்கப்பட்டுவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மன்னிப்பு உன் கையில்தான் இருக்கிறது. என்னைக் கேட்காமல் கொடுத்துவிடாதே. நான் வர இன்னும் வெகுநாள் ஆகும். அதுவரை நிற்கட்டும்.